ஓய்வுநாளும் திருவிருந்தும்

பகலும் இரவும் கூடிய நாளைக் கதிரவன் அளந்து தருகின்றான். மாதத்தை நிலவு அளந்து தருகின்றது. அதனாலன்றோ தமிழிலே திங்கள் என்னுஞ் சொல் நிலவுக்கும் மாதத்துக்கும் பொதுப்பெயராய் அமைந்தது? ஆண்டைப் பருவங்களின் சுழற்சி அளந்து தருகின்றது. ஏழு நாள் கொண்ட கிழமையை மட்டும் வானத்து ஒளி எதுவும் அளந்து தருவதில்லை. நிலவின் ஒரு கால்வட்டம் ஏழு நாளுக்குச் சற்றே கூடியது. ஆகவே, ஏழேழாக எண்ணிச் செல்பவனுடைய கணக்குச் சில வாரங்களுள்ளே நிலவின் கணக்கை விட்டு விலகிவிடும். இடையறாது ஓடும் ஏழு நாட் கணக்கு இயற்கை கொடுத்ததன்று; மாந்தர் நினைவினாற் காக்கப்பட்டு வந்தது. அக்கணக்கின் ஏழாம் நாளை ஓய்வுக்கென ஒதுக்கி, அதனைத் தம் சமய வாழ்வின் நடுவே வைத்துக் காத்தவர் பண்டைய இசுரவேலர். அவரிடமிருந்து அக்கொடையைப் பெற்ற கிறித்தவ உலகம் ஓய்வைத் திருவிருந்தோடு எவ்வாறு இணைத்தது, பின்னர் எவ்வாறு அவ்விரண்டும் பிரிந்தன, பிரிந்தவற்றை மீண்டும் சேர்க்க எவரெவர் முயன்றனர் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மோசேயின் வழியாகச் சீனாய் மலையிற் கட்டளை வழங்கப்பட்ட பின்னரே ஓய்வுநாள் தோன்றியது என்று பலர் எண்ணுவர். விவிலியமோ அவ்வாறு கூறவில்லை. மலையை அடையுமுன்னர், பாலைநிலத்திற் பசித்திருந்த மக்களுக்கு மன்னா என்னும் உணவு கிடைத்த நிகழ்ச்சியிலேயே ஓய்வுநாளும் முதன்முதல் நடைமுறைக்கு வருகின்றது. ஒவ்வொரு காலையிலும் அன்றைய தேவைக்கு வேண்டிய அளவே சேர்க்க வேண்டும். மிகுத்து வைத்தால் அது புழுத்துப் போகும். ஆறாம் நாளில் மட்டும் இரட்டைப் பங்கு கிடைத்தது. அதனை மறுநாளுக்கு வைத்தபோது கெடவில்லை. ஏழாம் நாளிலே தேடிச் சென்றோர் வெறுங்கையோடு திரும்பினர். ஆகவே, ஓய்வுநாள் முதலில் ஒரு சட்டமாக அன்று, ஓர் உணவாகவே மக்களிடம் வந்தது. உழைத்துச் சேர்த்ததனால் அன்று, கொடுக்கப்பட்டதனால் உண்டனர் என்பதே அந்நாளின் பாடம். ஓய்வும் உணவும் தோற்றத்திலேயே இணைந்திருந்தன என்பதைக் கருத்திற் கொண்டாற் பின் வந்த வரலாறு எளிதில் விளங்கும்.

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரு முறை எழுதப்பட்டுள்ளன. ஓய்வுநாளுக்குரிய காரணம் இரண்டிடத்தும் ஒன்றன்று. யாத்திராகமம் இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தான் என்பதைக் காரணமாகக் காட்டும். உபாகமமோ எகிப்தில் அடிமைப்பட்டிருந்த காலத்தை நினைப்பூட்டும். அடிமைக்கு விடுமுறை ஏது? ஆகவே விடுதலை பெற்றவன் தான் மட்டும் ஓய்ந்திருத்தல் போதாது; அவனுடைய வேலையாளும் வேலைக்காரியும், மாடும் கழுதையும், அவனிடத்தில் வந்து தங்கிய அந்நியனும் ஓய்ந்திருத்தல் வேண்டும். படைப்பை முன்னிட்டு மகிழ்ச்சியும், விடுதலையை முன்னிட்டு நீதியும் ஒரே நாளில் வந்து கூடின. உரோமையர் இதனை விளங்கிக்கொள்ளவில்லை. வாழ்நாளில் ஏழிலொரு பங்கை யூதர் சோம்பலில் இழக்கின்றனர் என்று செனெக்கா என்னும் தத்துவ அறிஞர் குறை கூறியதாக அகுஸ்தீன் எழுதியுள்ளார். அடிமைகளின் உழைப்பில் நிலைபெற்ற பேரரசுக்கு, அடிமையும் ஓய்கின்ற நாள் வீண் நாளாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இயேசுநாதர் வாழ்ந்த காலத்தில் ஓய்வுநாள் பெருஞ் சர்ச்சைக்குரிய பொருளாயிருந்தது. அவர் அந்நாளை ஒழித்தவரல்லர். தொழுகைக்கூடம் செல்லும் வழக்கத்தையும் விட்டவரல்லர். ஆயினும் சூம்பிய கையுடையவனையும், 18 ஆண்டு கூனியிருந்த பெண்ணையும் அந்நாளிலேயே குணப்படுத்தினார். மனிதனுக்காகவே ஓய்வுநாள் உண்டாயிற்று என்பது அவர் போதனை. நோயாளி எதையும் உழைத்துத் தந்து நலத்தைப் பெறவில்லை. சும்மா இருந்த கையிலே நலம் வந்து சேர்ந்தது. ஓய்வுநாளின் உட்பொருள் பெறுதலே என்பதை இச்செயல்கள் எடுத்துக் காட்டின. பாடுபடுவதற்கு முந்திய இரவில் அவர் தம் சீடரோடு உண்ட விருந்தும் அவ்வாறே. அப்பத்தையும் கிண்ணத்தையும் அவர் எடுத்துக் கொடுத்தார், சீடர் பெற்றுக்கொண்டனர். அன்றிரவே ஓடிப்போக இருந்தவர்களும், மறுதலிக்க இருந்தவனும் அப்பந்தியில் இருந்தனர் என்பதை நான்கு நற்செய்தி நூல்களும் மறைக்கவில்லை.

ஓய்வுநாள் முழுதும் அவர் உடல் கல்லறையிற் கிடந்தது. வாரத்தின் முதல் நாளில் அவர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. எம்மாவு என்னும் ஊருக்குச் சென்ற சீடர் இருவர் அவரை அப்பம் பிட்டபோது அறிந்துகொண்டதும் அதே முதல் நாளின் மாலையிலாகும். அதனால் ஆதித் திருச்சபை வாரத்தின் முதல் நாளை ஆண்டவருடைய நாள் என்று கொண்டாடத் தொடங்கியது. எனினும் அந்நாள் ஓய்வுநாளாய் இருக்கவில்லை என்பது இங்கே சிறப்பாகக் கவனித்தற்குரியது. யூதருக்கு ஏழாம் நாள் ஓய்வு இருந்தது. ஏனையோருக்கு எந்த நாளும் வேலைநாளே. துரோவா என்னும் துறைமுக நகரிற் பவுலடிகள் முதல் நாளின் இரவிலே அப்பம் பிட்கக் கூடியோரிடம் நள்ளிரவு வரை பேசினார் என்றும், மூன்றாம் மாடிச் சன்னலில் அமர்ந்திருந்த இளைஞன் ஒருவன் தூக்க மயக்கத்தாற் கீழே விழுந்தான் என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். ஓய்வற்ற மக்களின் வழிபாடு அவ்வாறுதான் இரவிலே நடைபெற்றது.

கொரிந்து நகரச் சபையில் இதனாலேயே ஒரு பிணக்கு மூண்டது. செல்வர் நேரத்தோடு வந்து தாம் கொணர்ந்ததை உண்டு குடித்தனர். ஏழைகள் வந்தபோது அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை. ஒருவன் பசித்திருக்க மற்றவன் வெறித்திருக்கும் பந்தி ஆண்டவருடைய பந்தியன்று எனப் பவுல் கடிந்து எழுதினார். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவும் பணித்தார். அருளைப் பெறும் இடத்தில் முந்தி வந்தவன், பிந்தி வந்தவன் என்ற வேற்றுமை இருத்தலாகாது என்பது அவர் கருத்து. திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றே ஓய்வில்லாத ஏழைகளைப் பற்றிய வழக்கிலிருந்து பிறந்தது.

கி. பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினிய மாகாணத்தின் ஆளுநரான பிளினி, திராயான் பேரரசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறித்தவர் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறித்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுவர் என்றும், கலைந்து சென்று பின்னர் உணவுண்ண மீண்டும் கூடுவர் என்றும் அக்கடிதம் கூறும். உண்மையை அறிய அவர் சித்திரவதை செய்தது சபையிலே பணிபுரிந்த இரு அடிமைப் பெண்களையாகும். விடியுமுன் ஒரு கூட்டம், வேலை முடிந்தபின் மற்றொன்று என்பதிலிருந்து, நடுவிலிருந்த பகல் எசமானருக்கு உரியதாயிருந்தது என்று ஊகிக்கலாம். அடுத்த தலைமுறையில், 155ஆம் ஆண்டளவில், உரோமை நகரில் யுஸ்தீன் என்பவர் பேரரசனுக்கு எழுதிய விண்ணப்பத்தில், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஞாயிற்றின் நாளில் ஓரிடத்துக் கூடுவதை விவரித்துள்ளார். மறைநூல் வாசிப்பு, தலைவரின் அறிவுரை, பொது மன்றாட்டு, அப்பமும் திராட்சரசமும் பகிர்தல் என்னும் ஒழுங்கு இன்றுவரை மாறாதது. வர இயலாதோருக்குத் திருவிருந்தின் பங்கை உதவிக்குருமார் கொண்டு சென்றனர். இயன்றோர் இட்ட காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளருக்கும் சிறையிலிருந்தோருக்கும் வழிப்போக்கருக்கும் சென்றது.

இத்தகைய கூட்டத்துக்காக உயிர் கொடுத்தோரும் உளர். 303ஆம் ஆண்டில் தியோக்கிலேசியான் பேரரசன் மறைநூல்களை எரிக்கவும் கூட்டங்களைத் தடுக்கவும் ஆணையிட்டான். மறு ஆண்டில், இக்காலத் தூனிசியாவிலுள்ள அபித்தினா என்னும் ஊரிலே, சத்தூர்னீனுஸ் என்னும் குருவானவரோடு கூடித் திருவிருந்து கொண்டாடிய 49 பேர் பிடிபட்டனர். ஊர் ஆயர் அச்சத்தால் மறைநூல்களை ஒப்படைத்துவிட்டிருந்தார். ஆயினும் மக்கள் கூடாதிருக்கவில்லை. கார்த்தேசு நகரில் ஆளுநர் அனுலீனுஸ் அவர்களை விசாரித்தபோது, தம் வீட்டில் இடங்கொடுத்த எமெரித்துஸ், ஆண்டவருக்குரியது இன்றித் தம்மவர் இருக்க இயலாது என்று விடை கூறினார். அவர் பயன்படுத்திய இலத்தீன் சொல் ஆண்டவருடைய நாளையும் குறிக்கும், ஆண்டவருடைய விருந்தையும் குறிக்கும். அவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்து எண்ண அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. அந்நாளில் அரசாங்க விடுமுறை ஏதும் இல்லை. விருந்தே அவர்களுடைய ஓய்வு.

பதினேழு ஆண்டுகளுள் நிலைமை தலைகீழாயிற்று. 321ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொன்ஸ்தந்தீன் பேரரசன், நீதிபதிகளும் நகர மக்களும் கைத்தொழிலாளரும் ஞாயிற்றின் நாளில் ஓய்ந்திருக்க வேண்டுமென்று சட்டம் வகுத்தான். அச்சட்டத்திற் கிறித்துவின் பெயர் இல்லை. ஞாயிற்றின் சிறப்பே பேசப்பட்டது. உழவருக்கு விலக்களிக்கப்பட்டது, விதைப்பதற்கும் நடுவதற்கும் உரிய பருவம் தவறலாகாது என்பது காரணம். ஆகவே பேரரசின் பெரும்பான்மையோரான நாட்டுப்புற மக்களுக்கு அவ்வோய்வு கிட்டவில்லை. எனினும், அதே ஆண்டு சூலை மாதத்தில் மற்றொரு சட்டம் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமையில் நீதிமன்ற வழக்குகள் நடைபெறலாகாது. ஆயின் அடிமையை விடுதலை செய்யும் பத்திரம் மட்டும் அந்நாளில் எழுதப்படலாம் என்பது அது. உபாகமத்தின் பழைய குரல் உரோமைச் சட்டத்தினுள் மெல்ல நுழைந்ததை இதிற் காணலாம்.

சட்டம் கொடுத்த ஓய்வு நன்மையே செய்தது. எனினும் அதனோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. கூடுவதற்கு இடையூறு இல்லாத காலத்தில், கூடியோரிற் பலர் விருந்தில் அமராது நின்றனர். நாலாம் நூற்றாண்டில் எருசலேமிலே புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றோர்க்கு வழங்கப்பட்ட போதனைகளில், வலக்கைக்கு இடக்கையை அரியணையாக வைத்துக் குழிந்த உள்ளங்கையில் நற்கருணையை ஏற்க வேண்டுமென்று கற்பிக்கப்பட்டது. அந்தக் குழிந்த கை, வேலை செய்யும் கையன்று; எதையும் பற்றாத, பெறுவதற்கென்றே விரிந்த கை. காலம் செல்லச் செல்ல அவ்வாறு கை நீட்டுவோர் குறைந்தனர். தகுதியின்மை பற்றிய அச்சம் பெருகியது.

அக்காலத்தில் எழுந்த ஒரு விவாதம் இவ்வச்சத்தின் வேரைத் தொட்டது. மனிதன் தன் முயற்சியால் நன்னெறியில் நிற்க வல்லவன் எனப் பெலாகியுஸ் என்னும் துறவி கற்பித்தார். வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த அகுஸ்தீன் அதனை மறுத்தார். நன்மை செய்யும் விருப்பமே இறைவனின் அருளாற் பிறப்பது என்றார். 418ஆம் ஆண்டிற் கார்த்தேசில் கூடிய சங்கம் அகுஸ்தீனின் பக்கம் நின்றது. அவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலை, அமைதியின்றி அலையும் உள்ளத்திற் தொடங்கி, மாலைப்பொழுது இல்லாத ஏழாம் நாளின் அமைதியிற் கொண்டு முடித்தது தற்செயலன்று. அருளைப் பற்றிய கோட்பாடும் ஓய்வுநாளைப் பற்றிய கோட்பாடும் அவருக்கு ஒன்றே. மனிதன் தன் செயலை நிறுத்துமிடத்து இறைவன் செயலாற்றுகின்றான்.

மத்திய காலத்து ஐரோப்பாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பலி நிகழ்ந்தது, மக்களும் திரண்டனர். ஆயின் அவர்களுட் பெரும்பாலோர் உயர்த்தப்பட்ட அப்பத்தைக் கண்டு வணங்கினரேயன்றி உட்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும், உயிர்த்த திருநாட் காலத்தில், நற்கருணை பெற வேண்டுமென்று 1215ஆம் ஆண்டில் நான்காம் இலாத்தரன் சங்கம் கட்டளையிட வேண்டியதாயிற்று. கட்டளையிடும் தேவை ஏற்பட்டதே நிலைமையைக் காட்டப் போதுமானது. கிண்ணம் குருக்களுக்கே உரியதாயிற்று. பொகேமிய நாட்டிலே கிண்ணத்தைப் பொதுமக்களுக்கும் கொடுக்கும் இயக்கம் எழுந்தது. அந்நாட்டுச் சீர்திருத்தவாதியான யோவான் ஹுஸ் 1415ஆம் ஆண்டு சூலை 6ஆந் திகதி கொன்ஸ்தான்சில் எரிக்கப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் பல ஆண்டு போரிட்டு, 1436இற் கிண்ணத்துக்குரிய உரிமையைப் பெற்றனர். பெற்றுக்கொள்ளும் உரிமைக்காகவும் மனிதர் போரிட நேர்ந்தமை வரலாற்றின் துயரங்களுள் ஒன்றாகும்.

பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர், திருவிருந்து மனிதன் இறைவனுக்குச் செய்யும் செயலன்று, இறைவன் மனிதனுக்குத் தரும் கொடை என்று வற்புறுத்தினார். ஆனால் கொடையின் தன்மை பற்றியே சீர்திருத்தவாதிகளுக்குள் பிளவு உண்டாயிற்று. 1529ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் மார்பூர்க்குக் கோட்டையில் லூத்தரும் சூரிச்சு நகரத்துச் சுவிங்கிலியும் சந்தித்தனர். கிறித்துவின் சொற்களை லூத்தர் மேசைமீது வெண்கட்டியால் எழுதி வைத்து அவற்றினின்று அசைய மறுத்தார். பதினைந்து கூற்றுகளிற் பதினான்கில் ஒற்றுமை கண்டோர், திருவிருந்தைப் பற்றிய பதினைந்தாவதில் முழு உடன்பாடு காணாது பிரிந்தனர். ஜெனீவாவிற் கல்வின் வாரந்தோறும் திருவிருந்து நிகழ வேண்டுமென விரும்பினார். நகரசபை ஆண்டுக்கு நான்கு முறை போதுமென்றது. 1563ஆம் ஆண்டின் ஹைதல்பேர்க்கு வினாவிடை, ஓய்வுநாட் கட்டளைக்கு விளக்கங் கூறுமிடத்து, தீய செயல்களிலிருந்து வாழ்நாளெல்லாம் ஓய்ந்து, ஆண்டவர் தமக்குள்ளே செயலாற்ற இடங்கொடுப்பதையும் அக்கட்டளையின் பொருளாகக் கொண்டது. அகுஸ்தீனின் கருத்து அங்கே மறுபடியும் தளிர்த்தது.

எனினும் நல்ல கருத்து நல்ல வழக்கமாய் நிலைப்பது எளிதன்று. இங்கிலாந்தில் ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் மக்கள் ஆடிப்பாடி விளையாடலாமென்று 1618இல் முதலாம் யேம்சு மன்னன் அறிக்கை வெளியிட்டான். அது ஓய்வுநாளைப் பழிப்பதாகும் எனத் தூய்மைவாதிகள் சினந்தனர். 1643இல் நாடாளுமன்ற ஆணைப்படி அவ்வறிக்கை எரிக்கப்பட்டது. ஸ்கொட்லாந்திலோ, திருவிருந்துக்கு வருவோர் முன்னரே ஆராயப்பட்டு, தகுதியுடையோர் எனக் காணப்பட்டவர்க்கு உலோக வில்லை ஒன்று வழங்கப்பட்டது. வில்லையைக் கொடுத்தாலன்றிப் பந்தியில் இடமில்லை. ஒழுக்கத்தைக் காக்க எழுந்த வழக்கமே அது. ஆயினும் இலவசமாய்க் கிடைப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் எண்ணத்தை அது எளியோர் மனத்தில் ஊன்றியிருக்கும்.

இலங்கையின் வரலாற்றிலும் இவ்விருந்துக்கான பசி ஓர் அத்தியாயமாக அமைந்துள்ளது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளித்தலும் தண்டனைக்குரியதாயிற்று. ஒல்லாந்தர் நிறுவிய சீர்திருத்தச் சபையிலே திருமுழுக்குப் பெற்றோர் தொகை பெரிது. பதவிக்கும் சொத்துரிமைக்கும் அது பயன்பட்டது. திருவிருந்திற் சேர்க்கப்பட்ட சுதேசிகளோ மிகச் சிலர். பழைய மறையைக் கைவிடாத கத்தோலிக்கருக்கு ஏறத்தாழ 30 ஆண்டு நற்கருணையே இல்லாத காலமாயிற்று. மன்றாட்டும் செபமாலையும் வீடுகளில் நிலைத்தன. அப்பம் பிட்க எவரும் இலர்.

1687இற் கோவாவைச் சேர்ந்த யோசே வாஸ் என்னும் குருவானவர், பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாய்ச் சென்று, அதனைக் கண்டு முகமலர்ந்தோரைக் கொண்டு தம்மவரை இனங்கண்டார் என்பர். சில்லாலை ஊரில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. இரவில் வீடுகளுக்குள்ளே திருப்பலி நடைபெற்றது. பிளினியின் காலத்துப் பித்தினியாவில் இருந்த நிலை, 1,500 ஆண்டுகளுக்குப் பின் பனைமரங்களின் நிழலில் மீண்டும் தோன்றியது. தமிழும் சிங்களமும் கற்ற அவர், பின்னர்க் கண்டி அரசிற் புகுந்து, முதலில் ஒற்றரென ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். அதன்பின் பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். அம்மை நோய் பரவிய காலத்திற் சாதி சமய வேறுபாடின்றி நோயாளரைப் பேணினார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கண்டியிற் காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி கொழும்புக் காலிமுகத் திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஒரு கிறித்தவ அரசு தடுத்த விருந்துக்கு ஒரு பௌத்த அரசு இடங்கொடுத்தது என்பது மறக்கத்தகாத உண்மை.

யோசே வாஸ் மறைந்து 28 ஆண்டுகளின் பின், இலண்டன் மாநகரில் பெற்றர் லேன் என்னும் வீதியிற் கூடிய ஒரு சிறு சங்கத்தில், ஓய்வையும் அருளையும் பற்றிய கூர்மையான வாதம் ஒன்று எழுந்தது. மொராவிய சபையைச் சேர்ந்த மொல்தர் என்பவர், முழு விசுவாசம் உண்டாகும் வரையில் ஒருவன் அசையாதிருக்க வேண்டும் என்றார். ஆலயத்துக்குச் செல்வதும் மறைநூல் வாசிப்பதும் திருவிருந்தில் சேர்வதும் தன் முயற்சியால் மீட்பைத் தேடுவதாகும். ஆகவே அவற்றை விட்டு ஓய்ந்திருத்தலே அருளுக்கு வழி என்பது அவர் வாதம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது அகுஸ்தீனின் போதனை போலவே தோன்றும். ஜோன் வெஸ்லி அதனை ஏற்கவில்லை. அருளை எதிர்பார்த்துக் காத்திருப்பவன், அருள் வரும் என்று சொல்லப்பட்ட வழியிலே காத்திருக்க வேண்டும் என்றார் அவர். பசித்தவன் பந்திக்குச் செல்வது உழைப்பாகாது. மேலும், திருவிருந்து நிறைந்த விசுவாசிகளுக்கு மட்டும் உரிய பரிசன்று. தம் குறையை உணர்ந்தவனை விசுவாசத்துக்குக் கொண்டுவரும் வழியுமாகும். இதற்கு அவர் தம் தாய் சுசன்னாவின் அனுபவத்தையே அறிந்திருந்தார். 1739ஆம் ஆண்டில், திருவிருந்திற் கிண்ணத்தைப் பெற்ற வேளையிலேயே தம் பாவம் மன்னிக்கப்பட்டதென்னும் உறுதி தமக்கு வந்ததென அம்முதியவர் மகனிடம் கூறியிருந்தார். 1740ஆம் ஆண்டு சூலை 20ஆந் திகதி, ஞாயிறன்று, வெஸ்லி தம் மறுப்பை அச்சங்கத்தில் வாசித்துவிட்டு, உடன்பட்ட சிலரோடு வெளியேறினார். அவ்வியக்கத்தின் வழிவந்த மெதடிஸ்த மிசனரிமார் 1814ஆம் ஆண்டில் இலங்கையில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கினர்.

இவ்வாதத்தின் பயன் பெரிது. ஓய்வு வேறு, செயலின்மை வேறு என்னும் வேற்றுமை அதனால் தெளிவாயிற்று. கை கட்டியிருப்பவனும் ஓய்ந்திருக்கின்றான். கை நீட்டியிருப்பவனும் ஓய்ந்திருக்கின்றான். முன்னவன் எதையும் பெறுவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதையொத்த தெளிவு பிறந்தது. 1905இற் பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நற்கருணை பெறுவதை ஊக்குவித்தார். நற்கருணை நிறைவுற்றோர்க்குரிய பரிசன்று, வலுக்குன்றியோர்க்குரிய மருந்து என்னும் பழைய எண்ணத்துக்கு அவரது ஆணை புத்துயிர் தந்தது. 1910இற் பகுத்தறியும் வயதை அடைந்த சிறுவர்க்கும் அது வழங்கப்படலாயிற்று. 1953இற் பன்னிரண்டாம் பத்திநாதர் நோன்பு விதிகளைத் தளர்த்தி, மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். இரவுவேலையும் தொழிற்சாலை முறைவேலையும் மிகுந்த உலகில், துரோவா நகரின் மாலைப் பந்தி மறுபடியும் வேண்டப்பட்டது.

புதிய காலத்து அரசுகள் கிழமையையே மாற்ற முயன்ற வரலாறும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இற் பத்து நாட் கிழமையை அமைத்தனர். உழைப்பாளிக்கு ஒன்பது நாள் வேலைக்குப் பின்னரே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. 1806ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்நாட்காட்டி கைவிடப்பட்டது. சோவியத்து அரசு 1929இல் ஐந்து நாட் சுழற்சியைப் புகுத்தியது. பொறிகள் ஓயாதிருக்க வேண்டி, தொழிலாளருக்கு வேறு வேறு நாளில் ஓய்வு கொடுக்கப்பட்டது. கணவன் ஓய்ந்த நாளில் மனைவிக்கு வேலை; நண்பன் ஓய்ந்த நாளில் தனக்கு வேலை. ஓய்வின் அளவு குறையவில்லை. கூடிக்களிக்கும் ஓய்வே குறைந்தது. 1940இல் ஏழு நாட் கிழமை திரும்பியது. கூடி இருப்பதற்கு உதவாத ஓய்வு மனிதனுக்கு நிறைவளிப்பதில்லை என்பதை இவ்வனுபவம் காட்டிற்று.

இலங்கையிலும் 1966ஆம் ஆண்டின் தொடக்கமுதல் ஞாயிறு விடுமுறை நீங்கியது. 1965ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தின்படி, நிலவின் நான்கு கால்களுக்குரிய போயா தினங்கள் ஓய்வுநாட்களாயின. அவற்றின் முந்திய நாள் அரைநாள் விடுமுறையாயிற்று. நிலவின் கால்வட்டம் ஏழு நாளுக்கு ஒத்ததன்று ஆதலால், வேலை வாரமும் நீண்டும் குறுகியும் மாறி வந்தது. இதனைக் கிறித்தவர்க்கு இழைத்த தீங்கு என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. அந்நியர் ஆட்சிக் காலமெல்லாம் பௌத்தர் தம் புனித நாளில் அலுவலகத்துக்குச் சென்று, எஞ்சிய பொழுதில் விகாரைக்குச் சென்றவராவர். அவர்களது நாட்டிலே அவர்களது நாள் வேலைநாளாயிருந்தது. அந்நிலை இப்பொழுது கிறித்தவருக்கு நேர்ந்தது. ஞாயிறு வேலைநாளானபோது, வழிபட விரும்பியோர் வேலைக்கு முன்னோ பின்னோ பொழுது தேட வேண்டியவராயினர். 1971இல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. பூரணைப் போயா பொது விடுமுறையாய் நிலைத்தது.

அவ்வைந்தாண்டுக் காலம் திருச்சபையின் முதல் முந்நூறு ஆண்டுகளை நினைப்பூட்டியது. விடுமுறை நீங்கியபோது ஆண்டவருடைய நாள் நீங்கிவிடவில்லை. விருந்து இருந்தவரையில் நாளும் இருந்தது. அதே வேளையில், விடுமுறையின் அருமையும் அப்போதுதான் விளங்கியது. உழைப்போர் கூடுவதற்கு நேரமின்றி அலைவதைக் கண்டும் ஓய்வு ஒரு பொருட்டன்று எனக் கூறுவோர், கொரிந்து நகரத்துச் செல்வரைப் போன்றவரே. ஆகவே ஓய்வுநாள் சட்டத்தாற் காக்கப்பட வேண்டியது நீதி. அந்நாளை நிறைப்பதோ சட்டத்தால் ஆகக்கூடியதன்று.

விவிலியத்தின் படைப்புக் கதையில் மனிதன் ஆறாம் நாளிற் படைக்கப்படுகின்றான். ஆதலால் அவன் கண்ட முதல் முழு நாள் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளே. அவன் அதுவரை எந்த வேலையும் செய்திருக்கவில்லை. எனவே அவ்வோய்வு கூலியாக இருக்க முடியாது. இறைவனுக்கு ஆறு நாளின் முடிவில் வந்த நாள் மனிதனுக்குத் தொடக்கத்தில் வந்தது. ஏழாம் நாளை விட்டு வாரத்தின் முதல் நாளைத் தெரிந்துகொண்ட திருச்சபை, இவ்வுண்மையை இழக்கவில்லை. வேறொரு வழியாற் காத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையிற் பந்தியில் அமர்பவன் வாரத்தின் வேலையை இன்னும் தொடங்கவில்லை. அவன் முதலிற் பெறுகின்றான். பெற்ற பின்னரே திங்களன்று வேலைக்குச் செல்கின்றான்.